பென்டிரைவ் லினக்ஸில் மென்பொருள் ஏறவில்லையா? முதலில் தரையைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகனிடமிருந்து போன். வேலை தேடி பெங்களூருக்கு வந்து, பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் தங்கியிருக்கிறான். அவன் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிது வாங்கும்வரை சமாளிக்கட்டும் என்று நான்தான் ஒரு பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

“மாமா, நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ணேன். காலையில திறந்தா ஒண்ணுமே இல்ல.”

“நடுவுல ஷட்டவுன் பண்ணியா?”

“பின்ன? நீங்கதானே ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுடான்னு சொன்னீங்க.”

தப்பு என்னுடையது. பென்டிரைவைக் கொடுத்தேனே தவிர, அது எந்த வகை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் அவனும் அவனுடைய அறைத் தோழர்களும் மாறி மாறிக் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும்தான் இந்தக் கட்டுரை. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் மூன்றையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். ‘சூடோ’ என்றால் எஸ், யூ, டி (டெல்லியின் டி), ஓ; நிர்வாகி அனுமதியோடு ஓட்டு என்று பொருள். ‘ஏபிடி’ என்றால் ஏ, பி (பேப்பரின் பி), டி (டீயின் டி); மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யும் கருவி. சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி. உபுண்டுவிலும் மின்ட்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். இன்ஸ்டால் செய்யாமல் நேராக ஓட்டும் ‘லைவ்’ பென்டிரைவில் சூடோ பெரும்பாலும் கடவுச்சொல் கேட்காது. கேட்டால் உபுண்டுவில் எதுவும் தட்டாமல் என்டர் அழுத்துங்கள். டெபியன் லைவில் பயனர் பெயர் ‘யூசர்’, கடவுச்சொல் ‘லைவ்’.

கோலமா, பெயின்டா?

பிழைச் செய்தியைப் படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கையில் இருப்பது எந்த வகைப் பென்டிரைவ் என்று பார்ப்பது. என்னிடம் வந்த புகார்களில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிட்டன.

முதல் வகை வெறும் லைவ். இயங்குதளம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை எட்சர் மாதிரி ஒரு கருவியால் அப்படியே எழுதியிருப்பார்கள். இதில் இயங்குதளம் முழுக்க ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கிய வடிவத்தில் இருக்கும். படிக்கலாம், மாற்ற முடியாது. நீங்கள் இன்ஸ்டால் செய்வதெல்லாம் அதன்மேல் ரேமில் (அணைத்ததும் காலியாகிவிடும் தற்காலிக நினைவகம்) விரித்திருக்கும் மெல்லிய அடுக்கில் போய் உட்காரும். வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சிமெண்ட் தரை. மேலே நாம் போடுகிற மாக்கோலம். காலையில் தண்ணீர் தெளித்தால் தரை மட்டும்தான் மிஞ்சும். ஷட்டவுன் என்பது அந்தத் தண்ணீர்.

இரண்டாவது வகை, பெர்சிஸ்டன்ஸ் (செய்ததைச் சேமித்து வைக்கும் வசதி) உள்ள லைவ். தரை அதேதான். ஆனால் மேலடுக்கு ரேமில் இல்லாமல் பென்டிரைவிலேயே ஒரு தனிப் பகுதியில் இருக்கும். அடுக்குமாடி வாசல்களில் பெயின்டில் போட்டு வைக்கிறார்களே, அந்தக் கோலம். தண்ணீர் ஊற்றினாலும் போகாது.

மூன்றாவது வகை, ஹார்ட் டிஸ்க்கில் போடுவதுபோல் பென்டிரைவிலேயே முழுதாக இன்ஸ்டால் செய்தது. இதில் தரையே நம்முடையது.

எது என்று தெரிந்துகொள்ள டெர்மினலில் ‘டிஎஃப் -ஹெச்’ என்று தட்டுங்கள். வரும் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் வெறும் ஒரு சாய்கோடு மட்டும் உள்ள வரியைத் தேடுங்கள். அந்த வரியின் தொடக்கத்தில் ‘கௌ’ என்றோ (ஆமாம், பசு மாடுதான்; சி, ஓ, டபிள்யூ) ‘ஓவர்லே’ என்றோ இருந்தால் அது லைவ். ‘டெவ்’, ‘எஸ்டிபி2’ என்று வந்தால் முழு இன்ஸ்டால். லைவ் என்றால் அதே வரியில் அளவையும் பாருங்கள். உங்கள் ரேமில் ஏறக்குறைய பாதி காட்டினால் பெர்சிஸ்டன்ஸ் இல்லை. 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் சுமார் 2 ஜிபி காட்டும். பென்டிரைவில் நீங்கள் ஒதுக்கிய அளவு காட்டினால் பெர்சிஸ்டன்ஸ் வேலை செய்கிறது.

அக்கா மகன் பார்த்தான். 8 ஜிபி ரேமுக்கு 3.8 என்று காட்டியது. மாக்கோலம்.

வைஃபை இருக்கிறது, ஆனால் இணையம் இல்லை

அடுத்த நாளே இரண்டாவது போன். இந்த முறை இன்ஸ்டாலே ஆகவில்லையாம். ‘சூடோ ஏபிடி அப்டேட்’ கொடுத்தால் ‘நோஸ்பிளிட்’ என்று ஏதோ வருகிறது என்றான். கேட்டதும் சிரிப்பு வந்தது. பெங்களூர் பிஜிக்களில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பல பிஜிக்களிலும் காபிக் கடைகளிலும் வைஃபையில் சேர்ந்தவுடன் போன் எண்ணும் ஓடிபியும் கேட்டு ஒரு பக்கம் வரும். அதை முடிக்கும்வரை நீங்கள் எந்த முகவரிக்குப் போனாலும் அந்த நெட்வொர்க் தன் லாகின் பக்கத்தையே நீட்டும். ஏபிடி பெரும்பாலும் மறையாக்கம் இல்லாத சாதா ஹெச்டிடிபியில்தான் பேக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) பட்டியலை இறக்கும். பட்டியல் வர வேண்டிய இடத்தில் லாகின் பக்கம் வந்து நின்றால், பட்டியலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும்போது ‘இது நான் கேட்டதில்லையே’ என்று ஏபிடி விழிக்கும். அதுதான் நோஸ்பிளிட். அதே வரியின் கடைசியில் ‘நெட்வொர்க் லாகின் கேட்கிறதா?’ என்ற பொருளில் ஒரு கேள்வியும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பிரவுசரைத் திறந்து ஓடிபி கொடுத்து உள்ளே போங்கள். பிறகு அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள்.

வைஃபையே தெரியவில்லை என்றால் அது டிரைவர் (வைஃபை சில்லை இயக்கும் நிரல்) சிக்கல். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று பலரும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். வழி எளிது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸுக்கு அது கம்பி வழி நெட்வொர்க்காகத் தெரியும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். டெபியன் போடுகிறவர்கள் 12ஆம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். 2023இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் பல வைஃபை சில்லுகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

கடிகாரம்

‘ரிலீஸ் ஃபைல் நாட் வேலிட் யெட்’ என்று வந்தால் மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டின் பொத்தான் செல் தீர்ந்திருந்தால், கடிகாரம் ஏதோ பழைய வருடத்தில் நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி ஏற்றுக்கொள்ளும்? பிரவுசரிலும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழைகள் வரிசையாக வரும். ‘சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ’ கொடுத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். சரியாகவில்லை என்றால் அமைப்பில் போய்த் தேதியைக் கையால் வைத்துவிடுங்கள்.

விண்டோஸும் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். அதனால் பென்டிரைவில் வேலை முடித்து விண்டோஸுக்குத் திரும்பினால் சில சமயம் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். வைரஸ் என்று பயந்து லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போன ஒருவரை எனக்குத் தெரியும். விண்டோஸில் நேரத்தை ஒருமுறை சிங்க் செய்தால் போதும்.

பேக்கேஜே இல்லை என்கிறதா?

‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’. புதியவர்கள் அதிகம் பார்க்கும் வரி இதுதான். காரணம் மூன்று இருக்கலாம். நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்று, அப்டேட் கொடுக்காமல் இன்ஸ்டால் கொடுத்திருப்பீர்கள். லைவ் பென்டிரைவை எழுதிய அன்று அதில் இருந்த பட்டியல் பழசு, சில சமயம் காலி. ‘சூடோ ஏபிடி அப்டேட்’ முதலில், இன்ஸ்டால் அப்புறம். மாக்கோல வகையில் ஒவ்வொரு முறை பூட் செய்த பிறகும் இதைச் செய்ய வேண்டும். நேற்று செய்தது நேற்றோடு போச்சு.

இரண்டு, உபுண்டுவின் பல லைவ் பதிப்புகளில் ‘யூனிவர்ஸ்’ என்ற மென்பொருள் களஞ்சியம் திறந்திருக்காது. மெயின், ரெஸ்ட்ரிக்டட் இரண்டு மட்டும் இருக்கும். நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி யூனிவர்ஸில்தான் இருக்கிறது. ‘சூடோ ஏட்-ஏபிடி-ரெபாசிட்டரி யூனிவர்ஸ்’ கொடுத்து, மறுபடி அப்டேட் கொடுங்கள்.

மூன்று, பதிப்பே காலாவதி ஆகியிருக்கும். உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) அல்லாத பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான். அலமாரியில் கிடந்த பழைய பென்டிரைவைத் தேடி எடுத்து பூட் செய்தால், எல்லாப் பக்கமும் 404 (‘கோப்பு இல்லை’) என்று வரும். ‘ரிலீஸ் ஃபைல் இனி இல்லை’ என்றும் சொல்லும். பழைய பதிப்புகளுக்கென்று தனிச் சர்வர் உண்டு, முகவரியை மாற்றி ஓட்டலாம். ஆனால் என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் புதிய எல்டிஎஸ் ஐஎஸ்ஓவை எழுதிவிடலாம். 24.04க்கு 2029 வரை வழக்கமான ஆதரவு இருக்கிறது.

‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ வந்தால், பட்டியல் பாதி பழசும் பாதி புதுசுமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். நடுவில் உள்ள ப்ராக்ஸி (இடைநிலைச் சர்வர்) பழைய நகலைக் கொடுத்தாலும் இப்படி ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி அப்டேட் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

தமிழ் தட்டச்சுக்காக இங்கே வந்து திண்டாடுகிறவர்களுக்கு ஒரு சேதி. எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. கீபோர்டு அமைப்பில் தமிழ்99 லேஅவுட் ஏற்கெனவே இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கப் பழகியவர்கள் மட்டும் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற பேக்கேஜைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டு

‘குட் நாட் கெட் லாக்’ என்றால் வேறு ஏதோ ஒன்று ஏற்கெனவே இன்ஸ்டால் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் தானாக ஓடும் அப்டேட். செய்தியிலேயே யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பெயர் இருக்கும். ஐந்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பூட்டுக் கோப்பையே அழித்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள்; கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. நடுவில் நின்றுபோய் ‘டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்’ என்று வந்தால், என்ன கொடுக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது: ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’.

இடம் இல்லை என்கிறதா?

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ வந்ததும் அக்கா மகன், “64 ஜிபி பென்டிரைவ் மாமா, எப்படி நிறையும்?” என்றான். பென்டிரைவ் நிறையவில்லை. ரேமில் உள்ள அந்த மெல்லிய அடுக்கு நிறைந்துவிட்டது. 64 இருந்தாலும் 256 இருந்தாலும் வெறும் லைவில் அது கணக்கில் வராது.

உடனே அவன் என்ன செய்தான்? இடம் கிடைக்கட்டும் என்று கூடவே வந்த விளையாட்டுகளையும் லிப்ரெ ஆபீஸையும் நீக்கினான். இடம் கூடவில்லை, குறைந்தது! கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் சரிதான். அந்த மென்பொருள்கள் தரையில் பதிந்த கற்கள். பெயர்த்து எடுக்க முடியாது. நீக்கு என்றால், ‘இந்தக் கல் இல்லை என்று நினைத்துக்கொள்’ என்ற குறிப்பைத்தான் மேலடுக்கில் எழுதும். அந்தக் குறிப்புகளுக்கும், மாறிய பேக்கேஜ் பதிவேட்டுக்கும் அதே ரேமில்தான் இடம் வேண்டும். ஆகவே லைவில் கூடவே வந்த எதையும் நீக்கி இடம் சேர்க்க முடியாது. நீங்களாகப் போட்டதை நீக்கினால் மட்டும் இடம் திரும்பும். ‘சூடோ ஏபிடி கிளீன்’ கொடுத்தால், இன்ஸ்டாலுக்காக இறக்கி வைத்த டெப் கோப்புகள் (பேக்கேஜ்கள் வரும் கோப்பு வடிவம்) போய்க் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இதைவிடப் பெரிய தவறு ‘ஏபிடி அப்கிரேட்’. புதுக் கணினி வந்ததும் முதல் வேலையாக அப்கிரேட் கொடுப்பது நல்ல பழக்கம்தான். லைவ் பென்டிரைவில் மட்டும் வேண்டாம். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களின் புதிய நகல்கள் மேலடுக்கில் வந்து குவியும்; பழையவை கீழே அப்படியே இருக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் மாறாது. லைவ் பென்டிரைவ் பூட் ஆகும்போது கெர்னலை எடுப்பது, இயங்கும் கணினியின் பூட் ஃபோல்டரிலிருந்து அல்ல. பென்டிரைவில் முதலில் எழுதி வைத்த இடத்திலிருந்து. உபுண்டுவில் அந்த ஃபோல்டரின் பெயர் கேஸ்பர். ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் இஸ் டிஸேபிள்டு’ என்று தொடங்கி, ‘ரீட்-ஒன்லி மீடியா’ என்று முடியும் வரி அடிக்கடி வருமே, காரணம் இதுதான். அது பிழை இல்லை, தகவல். ஆனால் பூட்டின் தொடக்கத்திலேயே ஏற வேண்டிய டிரைவர் எதையாவது போட முயன்றுகொண்டிருந்தால், லைவில் அது பலிக்காது என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. அதற்கு முழு இன்ஸ்டால்தான் வழி.

வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிப் போடுங்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற வேறு இரண்டு பேக்கேஜ் வகைகளும் தேவையான நூலகங்களைக் கையோடு கொண்டுவருவதால் இடத்தை விழுங்கும். உபுண்டு 22.04 முதல் ‘ஏபிடி இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்’ கொடுத்தாலும் பின்னால் வருவது ஸ்னாப்தான் என்பதை நினைவில் வையுங்கள். ரேம் குறைவான லேப்டாப் என்றால் மின்ட் அல்லது டெபியன் பக்கம் போய்விடுவது நல்லது.

பெயின்ட் கோலம் போடுவது எப்படி?

விண்டோஸ் உள்ள யாருடைய கணினியையாவது அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும். வேண்டியதை முதலில் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்ததும், ‘பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் சைஸ்’ என்று ஒரு நகர்த்தி வரும். பூஜ்யத்தில் இருக்கும். 32 ஜிபி பென்டிரைவ் என்றால் 15, 20 ஜிபி வரை இழுத்துவிடுங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் ஐஎஸ்ஓ முறை. டிடி என்று சொன்னால் நகர்த்தியை இழுத்ததெல்லாம் வீண், மறுபடியும் மாக்கோலம்தான்.

பழைய வழிகாட்டிகளில் ‘கேஸ்பர்-ஆர்டபிள்யூ’ என்று ஒரு கோப்பு உண்டாக்கச் சொல்வார்கள். எஃப்ஏடி32 என்ற டிஸ்க் வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் அந்த முறையில் அதுதான் உச்சம். ரூஃபஸ் தனிப் பகிர்வாகவே (பார்ட்டிஷனாகவே) செய்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

செய்து முடித்தும் சேமிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது, பூட் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரி) உள்ள சொல். உபுண்டுவுக்கு அது ‘பெர்சிஸ்டன்ட்’, டெபியனுக்கு ‘பெர்சிஸ்டன்ஸ்’. கடைசியில் ஓர் ஒலிதான் வித்தியாசம், ஆனால் மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. டெபியனில் கூடுதலாக அந்தப் பகிர்வுக்குள் ‘பெர்சிஸ்டன்ஸ்.கான்ஃப்’ என்ற கோப்பும், அதற்குள் ஒரு சாய்கோடு, ஓர் இடைவெளி, ‘யூனியன்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். ரூஃபஸில் செய்தால் இவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் செய்கிறவர்கள்தான் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

சோதிக்க இரண்டு மணி நேரம் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஹோம் ஃபோல்டரில் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு ரீபூட் செய்யுங்கள். கோப்பு இருந்தால் பெயின்ட் காய்ந்துவிட்டது.

இறக்கி வந்த கோப்புகள்

டபுள் கிளிக் செய்து எதுவும் ஆகாத கோப்பு ‘.இஎக்ஸ்இ’ என்று முடிகிறதா? அது விண்டோஸுக்கானது. லினக்ஸுக்கு உள்ளதைத் தேடி இறக்குங்கள்.

டெப் கோப்பு என்றால் அது இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால்’, பிறகு ஒரு புள்ளி, சாய்கோடு, இடைவெளி விடாமல் கோப்பின் பெயர். புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால், ஏபிடி அதைக் களஞ்சியத்தில் போய்த் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். ‘டிபிகேஜி -ஐ’ கொடுத்துப் பாதியில் நின்றிருந்தால், ‘சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ மீதியைச் சரிசெய்யும். ‘லிப்சி6’ இன்ன பதிப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்தக் கோப்பு உங்களுடையதைவிடப் புதிய உபுண்டுவுக்குச் செய்தது. வலுக்கட்டாயமாக லிப்சியை மாற்றாதீர்கள். இயங்குதளமே அதன்மேல்தான் நிற்கிறது.

ஆப்இமேஜ் லைவுக்கு ரொம்பவே தோதான வடிவம். இன்ஸ்டாலே கிடையாது, ஒரே கோப்பு, அப்படியே ஓடும். ஆனால் இரண்டு இடத்தில் முரண்டு பிடிக்கும். இன்னொரு பென்டிரைவில் வைத்து ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’ வரும். எஃப்ஏடி32இல் லினக்ஸின் அனுமதிக் குறிகளை எழுதி வைக்க இடமே இல்லை. எத்தனை தடவை அனுமதி கொடுத்தாலும் ஒட்டாது. ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, வலது கிளிக்கில் ப்ராப்பர்டீஸ் போய், நிரலாக இயங்க அனுமதி கொடுங்கள். அப்புறம் ‘ஃபியூஸ்’ இல்லை என்று வந்தால், உபுண்டு 22.04இல் ‘லிப்ஃபியூஸ்2’, 24.04இல் ‘லிப்ஃபியூஸ்2டி64’ என்ற பேக்கேஜைப் போடுங்கள். இரண்டும் யூனிவர்ஸில் இருப்பவை.

பைத்தான் படிக்க வந்த அறைத் தோழனுக்கு வந்தது வேறு சிக்கல்: பைத்தான் நூலகங்களை இறக்கும் பிப் கருவியைக் கொடுத்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்கிறது. டெபியன் 12, உபுண்டு 24.04 போன்றவற்றில் இது வேண்டுமென்றே வைத்த தடை. இயங்குதளம் நம்பியிருக்கும் பைத்தானை பிப் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக. ‘பைத்தான்3-வென்வ்’ பேக்கேஜைப் போட்டு, ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு தனிச் சூழல் உண்டாக்கி, அதற்குள் பிப் ஓட்டுங்கள். தடையை உடைக்க ஒரு நீண்ட கட்டளை உண்டு, பெயரிலேயே ‘பிரேக்’ என்று இருக்கும். பெயரைப் பார்த்தே விலகிவிடுங்கள்.

பென்டிரைவே பொய் சொன்னால்

எல்லாம் சரியாக இருந்தும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் இன்ஸ்டால் நின்றால், ‘இன்புட் அவுட்புட் எரர்’ அல்லது ‘ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்’ என்று கண்ணில் பட்டால், மென்பொருளை விட்டுவிட்டுப் பென்டிரைவைச் சந்தேகப்படுங்கள்.

எனக்கே நடந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்பி ரோட்டுப் பக்கம் போனபோது, 128 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்ததை மலிவாக இருக்கிறதே என்று இரண்டு வாங்கினேன். ஒன்று நன்றாக ஓடியது. இன்னொன்றில் எழுதிய உபுண்டு பூட் ஆகும், டெஸ்க்டாப் வரும், எதையாவது இன்ஸ்டால் செய்தால் செத்துவிடும். ‘எஃப்3’ என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. ‘எஃப்3ரைட்’ பென்டிரைவை முழுக்க நிரப்பும், ‘எஃப்3ரீட்’ எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். 128 என்று தன்னைச் சொல்லிக்கொண்டதில் உண்மையில் 8 ஜிபிகூடத் தேறவில்லை. புதுப் பென்டிரைவ் எது வாங்கினாலும், லினக்ஸ் எழுதுவதற்கு முன்னால் அதை எஃப்3இல் போட்டுப் பார்ப்பது இப்போது என் வழக்கம். கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

பென்டிரைவ் நல்லது என்றால், ஐஎஸ்ஓ பாதியில் அறுந்து இறங்கியிருக்கலாம். இறக்கிய தளத்திலேயே எஸ்ஹெச்ஏ256 என்று ஒரு நீண்ட எண் கொடுத்திருப்பார்கள். ‘எஸ்ஹெச்ஏ256சம்’ கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்து, வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

முழு இன்ஸ்டாலுக்குப் போகிறவர்களுக்கு

நீண்ட நாள் பென்டிரைவிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது வகைதான் சரி. யூஎஸ்பி 3 பென்டிரைவ், முடிந்தால் வெளி எஸ்எஸ்டி, எடுத்துக்கொள்ளுங்கள். செருகும் துளையும் 3ஆகவே இருக்க வேண்டும். பல லேப்டாப்களில் உள்ளே நீலமாக இருக்கும். 2.0 துளையில் செருகினால் இன்ஸ்டால் உறைந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர், பென்டிரைவில் போடு என்று சொன்னாலும், பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் உள்ள இஎஃப்ஐ பகிர்வில் (பூட் கோப்புகளுக்கான பகுதி) எழுதிவிடும் வழக்கம் உள்ளது. பென்டிரைவை எடுத்த பிறகு விண்டோஸ் நேராக வராமல் கருப்புத் திரை நிற்கும். உள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஸ்டால் செய்வதுதான் நிம்மதி. அக்கா மகனுக்கு அந்தக் கவலை இல்லை. டிஸ்க்தான் ஏற்கெனவே போய்விட்டதே.

இன்னொன்று, பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பு) உள்ள ‘செக்யூர் பூட்’ பாதுகாப்பை அணைக்கும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் மறையாக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸில் கை வைக்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் கேட்காமல் பென்டிரைவையே செருகாதீர்கள். இந்த ஊரில் பல கம்பெனிகளில் அது ஐடி டீமுக்கு உடனே தெரிந்துவிடும்.

பெர்சிஸ்டன்ஸ் போட்டுக் கொடுத்த பிறகு இரண்டு வாரம் போன் வரவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து பேசினான். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில், லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டிருக்கிறான். இப்போது இன்ஸ்டால் எதுவும் ஏறவில்லை, ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்கிறது.

அதற்கு மருந்து: பென்டிரைவை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கொடுத்து, பெர்சிஸ்டன்ஸ் பகிர்வின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது மவுன்ட் ஆகியிருந்தால் (கணினியில் திறந்திருந்தால்) அன்மவுன்ட் செய்துவிட்டு, ‘சூடோ எஃப்எஸ்சிகே -ஒய்’, அதன் பின் பகிர்வின் பெயர். பெரும்பாலும் பிழைத்துவிடும். அடுத்த முறையிலிருந்து ஷட்டவுன் கொடுத்த பிறகு, பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லி உபுண்டு கேட்கும்வரை காத்திருங்கள். அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வரும்.